மேற்பார்வையாளர் கென்னத் ஹான்: ஒரு பதவியின் கணக்கு



வரலாறு என்றதும் நம் மனம் மன்னர்களையும் தளபதிகளையும் நாடாளும் தலைவர்களையும் நோக்கியே ஓடுகிறது. ஆனால் தெருவிளக்கு எரியாதபோதும், குழாயில் தண்ணீர் வராதபோதும், நள்ளிரவில் வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்து வாகனம் கிடைக்காதபோதும் நாம் தேடி ஓடுவது அவர்களையல்ல. நம் தெருவுக்குப் பக்கத்தில், கதவைத் தட்டினால் எழுந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் சிறிய பதவிக்காரரையே தேடுகிறோம். அந்தச் சிறிய பதவி எத்தனை பெரிய அமானிதம் என்பதைச் சிந்திக்க, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை இம்முறை உங்கள் முன் வைக்கிறோம்.

அவர் பெயர் கென்னத் ஹான். ஐந்து ஆண்டுகள் நகர மன்றத்திலும், அதன் பின் 40 ஆண்டுகள் கவுண்டி நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். 1970-ல் ஒருமுறை அமெரிக்க செனட் பதவிக்கு ஆசைப்பட்டார். கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றுத் திரும்பினார். அதன் பிறகு தமது ஊர்ப் பதவியோடு நின்றுகொண்டார். நாம் எழுத வந்தது அவரைப் புகழ்வதற்காக அல்ல. அவர் செய்தவற்றில் இன்றும் உயிர்களைக் காத்துக்கொண்டிருப்பவை உண்டு. அவர் கவனிக்காமல் விட்டதால் உயிர்களைப் பறித்தவையும் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதே நேர்மை.

நகரம் வேறு, கவுண்டி வேறு

முதலில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. கவுண்டி என்பதை ஏறக்குறைய ஒரு மாவட்டம் என்று கொள்ளலாம். ஆனால் அதை ஆள்வது மேலிருந்து அனுப்பப்படும் ஆட்சியர் அல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டிக்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரம் உட்பட 88 நகரங்கள் இருக்கின்றன. எந்த நகரத்தின் எல்லைக்குள்ளும் வராத குடியிருப்புகளும் ஏராளம். பொது மருத்துவமனைகள், சிறைகள், ஏழைகளுக்கான உதவித்தொகை, சொத்துவரி, ஷெரீஃப் எனப்படும் காவல் துறையின் வரவு செலவு ஆகியவை கவுண்டியின் பொறுப்பு. இன்று அங்கே ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வசிக்கின்றனர். பல நாடுகளின் மக்கள்தொகையை விட அது அதிகம்.

இத்தனை பெரிய நிர்வாகத்தை நடத்துபவர்கள் ஐந்தே பேர். சட்டம் இயற்றுவதும் அவர்களே, அதை நிறைவேற்றுவதும் அவர்களே. அவர்களுக்கு மேல் ஒரு மேயரோ ஆளுநரோ கிடையாது. ஐந்து குட்டி அரசர்கள் என்று அந்த ஊர் மக்கள் அவர்களை அழைத்து வந்ததில் வியப்பில்லை. ஆனால் சட்டப்படி அவர்களுக்கு இடப்பட்ட பெயர் மேற்பார்வையாளர் என்பதுதான். அந்தப் பெயரை, அன்பு வாசகர்களே, நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

ஹான் 1920 ஆகஸ்ட் 19-ல் பிறந்தார். தந்தை இல்லாத வீடு. ஏழு ஆண் பிள்ளைகளைத் தாய் ஒருவரே பாடுபட்டு வளர்த்தார். நகரத்தின் தென்பகுதியில், வசதியற்ற குடும்பங்கள் வாழும் தெருவில் வளர்ந்த ஹான், அருகிலிருந்த பெப்பர்டைன் கல்லூரியில் படித்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றினார். 1947-ல் நகர மன்றத்துக்குத் தேர்வானபோது அவருக்கு வயது 26. 1952-ல் கவுண்டியின் இரண்டாம் தொகுதிக்கு மேற்பார்வையாளரானபோது வயது 32. இரண்டு அவைகளிலும் அவ்வளவு இளம் வயதில் அதுவரை எவரும் நுழைந்ததில்லை.

அவரது தொகுதி நகரின் தென்பகுதி. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே கறுப்பின மக்களின் எண்ணிக்கை பெருகியது. ஹான் வெள்ளையர். இருப்பினும் அந்த மக்களே அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தனர். சாலையில் பள்ளமா, விளக்கு அணைந்துவிட்டதா, அவருடைய அலுவலகத்துக்குச் சொன்னால் ஆள் வருவார் என்ற நம்பிக்கை தொகுதியில் இருந்தது. 1961-ல் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தபோது, பதவியில் இருந்த மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டனர். விமான நிலையத்துக்கே சென்று அவரை வரவேற்ற மக்கள் பிரதிநிதி ஹான் ஒருவரே. தென்பகுதி மக்கள் அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

பதினான்கு ஆண்டுக் கடிதங்கள்

அவரது பணிகளில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டியது ஒரு கடிதப் போராட்டம்.

1943 ஜூலையில் ஒருநாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைத் திடீரென்று ஒரு புகைமூட்டம் சூழ்ந்தது. கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் ஆகையால் எதிரி நாடு நச்சு வாயுவை ஏவிவிட்டது என்றே பலர் அஞ்சினர். பிறகு அந்தப் புகை ஆண்டுதோறும் வந்தது. கவுண்டி நிர்வாகம் 1947-ல் காற்று மாசுக் கட்டுப்பாட்டுக்கென்றே தனித் துறையை ஏற்படுத்தியது. தொழிற்சாலைப் புகைபோக்கிகள் கட்டுப்படுத்தப்பட்டன. வீட்டுக் கொல்லையில் குப்பை எரிப்பதற்கும் 1957-ல் தடை வந்தது. அப்படியும் புகை அடங்கவில்லை. காரணத்தைக் கண்டறிந்தவர் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியல் அறிஞர். கார்களும் எண்ணெய்த் தொழிலும் வெளிவிடும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து கண்ணைக் கரிக்கும் நச்சுப் புகையாக மாறுகின்றன என்று அவர் 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார்.

ஹான் வேதியியல் படித்தவர் அல்லர். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1953 பிப்ரவரியில் அவர் ஃபோர்டு நிறுவனத்தின் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கார்களிலிருந்து வெளியேறும் புகையைக் குறைக்க உங்கள் நிறுவனம் ஏதேனும் ஆய்வு செய்திருக்கிறதா, இப்போதாவது செய்துகொண்டிருக்கிறதா என்பதே அவரது வினா. அடுத்த மாதமே பதில் வந்தது. நிறுவனத் தலைவர் எழுதவில்லை. செய்திப் பிரிவின் அலுவலர் ஒருவர் எழுதினார். என்ஜின்கள் வாயுக்களை வெளிவிடுவது உண்மையே, ஆயினும் அவை காற்றில் விரைவில் கலைந்துவிடுகின்றன, அதனால் மாசுப் பிரச்சினை ஏதும் இல்லை என்று பொறியாளர்கள் கருதுகிறார்கள் என்பது பதிலின் சாரம். ஆகவே புகையைக் குறைக்கும் கருவியும் தேவைப்படவில்லையாம்!

இத்தகைய பதில் வந்தால் நம்மில் எத்தனை பேர் இரண்டாவது கடிதம் எழுதுவோம்? பெரிய நிறுவனம் சொல்லிவிட்டது, நமக்கென்ன தெரியும் என்று கோப்பை மூடிவிடுவதே வழக்கம். ஹான் மூடவில்லை. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய மூன்று நிறுவனங்களின் தலைவர்களுக்கும் மீண்டும் மீண்டும் எழுதினார். தலைவர்கள் மாறினால் புதிய தலைவருக்கு எழுதினார். வந்த பதில்களை ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்தார். ஆய்வு நடக்கிறது, குழு அமைத்துள்ளோம், இன்னும் சில ஆண்டுகளில் வந்துவிடும் என்றே பதில்கள் வந்துகொண்டிருந்தன. 1953-ல் தொடங்கிய அந்தக் கடிதப் போக்குவரத்து 1967 வரை நீண்டது. பின்னர் அந்தக் கடிதங்கள் முழுவதையும் கவுண்டி நிர்வாகம் அச்சிட்டு வெளியிட்டது. அதில் வசைச் சொற்கள் இல்லை. தேதி வாரியாக அடுக்கப்பட்ட கேள்விகளும் பதில்களும் மட்டுமே உள்ளன. ஒரு குற்றச்சாட்டை எழுப்ப அதைவிட வலிமையான வழி இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் ஒரு விசித்திரம் நடந்தது. கார் நிறுவனங்கள் அல்லாத வேறு நிறுவனங்கள் தயாரித்த நான்கு புகைத் தடுப்புக் கருவிகளுக்குக் கலிஃபோர்னியா மாநில வாரியம் 1964-ல் ஒப்புதல் அளித்தது. அதன் மூலம் 1966-ஆம் ஆண்டு மாடல் கார்களில் கருவி பொருத்துவது கட்டாயமாயிற்று. அதற்கு முன் இயலவே இயலாது என்று சாதித்துவந்த கார் நிறுவனங்கள், வெளியார் கருவியை விலைகொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டிய நிலை வந்ததும், தாங்களே அந்த ஆண்டுக்குள் செய்துவிட முடியும் என்று அறிவித்தன!

அப்படியானால் இத்தனை காலம் ஏன் முடியவில்லை? இந்த ஐயம் ஹானுக்கும் எழுந்தது. நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துத் தாமதம் செய்தனவா என்று விசாரிக்கும்படி கவுண்டி நிர்வாகக் குழு 1965-ல் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டது. விசாரணை நடந்தது. 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை நான்கு பெரிய கார் நிறுவனங்கள் மீதும் அவற்றின் சங்கத்தின் மீதும் வழக்குத் தொடுத்தது. புகைத் தடுப்புக் கருவிகள் வராமல் தடுக்க அவை கூட்டுச் சேர்ந்தன என்பது குற்றச்சாட்டு. எந்த ஆண்டிலிருந்து தெரியுமா? 1953-லிருந்து. ஹான் தமது முதல் கடிதத்தை எழுதிய அதே ஆண்டு!

வழக்கு முடிந்த விதம் மனநிறைவு தருவதாக இல்லை. நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, இனி அவ்வாறு கூட்டுச் சேர மாட்டோம் என்று உறுதிமொழி அளித்தன. அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் அந்த உடன்பாட்டை ஏற்றுக்கொண்டது. விசாரணையில் வெளிவந்திருக்கக்கூடிய பல ஆவணங்கள் மக்கள் பார்வைக்கு வராமலேயே போயின. ஆயினும் 1970-ல் அமெரிக்கா முழுமைக்கும் கடுமையான தூய காற்றுச் சட்டம் வந்தபோது, அதற்கான பாதையைச் செப்பனிட்டதில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது.

அவசரத்துக்கு ஒரு குரல்

நெடுஞ்சாலையில் கார் பழுதாகி நின்றால் அந்நாளில் கைப்பேசியா இருந்தது? இருட்டில், விரையும் வாகனங்களுக்கு நடுவே, உதவிதேடி நடந்து சென்று அடிபட்டு இறந்தவர்கள் உண்டு. விரைவுச் சாலைகளின் ஓரத்தில் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒன்றாக அவசரத் தொலைபேசிப் பெட்டிகளை நடும் திட்டத்தை 1960-களில் கொண்டுவந்தவர் ஹான். மாநிலம் முழுவதும் பின்னர் அதைப் பின்பற்றியது. இன்று கைப்பேசி வந்தபின் அப்பெட்டிகள் குறைந்துவிட்டன.

அதைவிடப் பெரியது மருத்துவ உதவியாளர் திட்டம். அன்றைய அமெரிக்காவின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் வண்டியை நடத்தியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? இறந்தோரை அடக்கம் செய்யும் நிறுவனத்தார்! படுக்கவைத்துக் கொண்டுபோகத் தக்க நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. வண்டியில் வருபவர் நோயாளியைத் தூக்கி ஏற்றுவார். சிகிச்சை எதுவும் தெரியாது. மருத்துவரும் செவிலியரும் தவிர வேறு எவரும் ஊசி போடக் கூடாது என்று சட்டமும் இருந்தது. மாரடைப்பு வந்தவர் வழியிலேயே உயிர் துறந்தார்.

ஹார்பர் ஜெனரல் என்ற கவுண்டி மருத்துவமனையில் டாக்டர் மைக்கேல் கிரைலி 1969-ல் தீயணைப்பு வீரர்களுக்கு இதயச் சிகிச்சையின் அவசர முறைகளைக் கற்பித்தார். கற்றவர்கள் அதைப் பயன்படுத்தச் சட்டம் இடம்கொடுக்க வேண்டுமே! ஹான் மாநிலத் தலைநகருக்குச் சென்று அதற்காக வாதாடினார். மருத்துவத் துறைக்குள்ளிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. 1970 ஜூலையில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் அந்தச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ரீகன் குடியரசுக் கட்சி, ஹான் ஜனநாயகக் கட்சி. உயிர் காக்கும் காரியத்தில் கட்சி குறுக்கே வரவில்லை. அமெரிக்காவில் இத்தகைய பணிக்கு மாநில அளவில் இயற்றப்பட்ட முதல் சட்டம் அது. பிற மாநிலங்கள் அதை முன்மாதிரியாகக் கொண்டன.

நகரத்துக்கு அவர் கொண்டுவந்த இன்னொன்று பேஸ்பால் அணி. நியூயார்க்கிலிருந்த டாட்ஜர்ஸ் அணி 1958-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்ததற்கு ஹான் எடுத்த முயற்சியும் ஒரு காரணம். அந்த அணிக்கு விளையாட்டரங்கம் எழுப்பப்பட்ட சாவேஸ் ரவீன் என்ற இடத்தில் முன்பு மெக்சிகோ வம்சாவளியினரின் வீடுகள் இருந்தன. ஏழைகளுக்கு அடுக்குமாடி கட்டித்தருவோம் என்று சொல்லி 1950-களின் தொடக்கத்தில் அவர்களை வெளியேற்றினர். அடுக்குமாடித் திட்டமோ கைவிடப்பட்டது. வெளியேற மறுத்து எஞ்சியிருந்த குடும்பத்தினரை 1959 மே மாதத்தில் கவுண்டியின் ஷெரீஃப் துறையினரே தூக்கி வெளியே கொண்டுவந்தனர். கடிதங்களுக்காக ஹானைப் போற்றுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போவது சரியல்ல.

வாட்ஸ்: எரிந்த தெருக்களும் எழுந்த மருத்துவமனையும்

ஹானின் தொகுதியில் வாட்ஸ் என்றொரு பகுதி உண்டு. 1965 ஆகஸ்ட் 11-ல் வாகனம் ஓட்டி வந்த ஒரு கறுப்பின இளைஞரைக் காவலர் நிறுத்தியதில் தொடங்கிய தகராறு, பல நாட்கள் நீடித்த பெருங்கலவரமாக மாறியது. 34 பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஏறக்குறைய 4,000 பேர் கைதாயினர். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. வேலையின்மை, மோசமான பள்ளிகள், காவல்துறையின் மீதான கசப்பு ஆகியவற்றோடு அக்குழு இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது: அப்பகுதி மக்களுக்கு அருகில் ஒழுங்கான மருத்துவமனை இல்லை. பெரிய பொது மருத்துவமனை பல மைல் தொலைவில் இருந்தது. சொந்தக் கார் இல்லாத ஏழைத் தாய், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் மாறி மாறிச் செல்ல வேண்டும்.

வாட்ஸ் அருகே மருத்துவமனை கட்டக் கடன் திரட்ட அனுமதி கேட்டு 1966-ல் கவுண்டி மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஐந்தில் மூன்று பங்கினருக்கும் மேல் ஆதரித்தனர். ஆனால் சட்டம் கேட்டது மூன்றில் இரண்டு பங்கு. பெரும்பான்மை கிடைத்தும் தோல்வி! ஹான் விடவில்லை, வேறு வழியில் நிதி திரட்டக் குழுவை இணங்கவைத்தார். 1968-ல் கொலையுண்ட மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் மருத்துவமனைக்குச் சூட்டப்பட்டது. 1972 மார்ச்சில் அது திறக்கப்பட்டது. தம் தெருவிலேயே பிரசவம் பார்க்கவும், தம் பிள்ளைகளே அங்கு மருத்துவராகவும் செவிலியராகவும் பணிபுரியவும் வாய்ப்புக் கிடைத்தது கண்டு தென்பகுதி மக்கள் கண்ணீர் மல்க நின்றனர் என்றால் அது மிகையன்று.

பஸ் மாறிச் சென்றவர்களையும் அவர் மறந்துவிடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் முன்பு பரந்த மின்ரயில் வலை இருந்தது. கார் பெருகப் பெருக அது சுருங்கி, வாட்ஸ் வழியாக லாங் பீச் சென்ற கடைசித் தடமும் 1961-ல் நின்றுபோனது. போக்குவரத்துக்காக விற்பனை வரியில் அரை விழுக்காடு கூட்டும் திட்டத்தை ஹான் 1980-ல் மக்கள் முன் வைத்தார். 54 விழுக்காட்டினர் ஆதரித்தனர். மீண்டும் அதே மூன்றில் இரண்டு பங்கு என்ற சுவர் எதிரே நின்றது. இம்முறை வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த விதி இந்தப் போக்குவரத்து ஆணையத்துக்குப் பொருந்தாது என்று 1982-ல் தீர்ப்பு வந்தது. அந்த ஜூலையிலேயே 85 சென்ட்டாக இருந்த பஸ் கட்டணம் 50 சென்ட்டாகக் குறைக்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் அப்படியே நீடித்தது. பஸ்ஸில் ஏறுவோர் கூட்டம் பெருகியது. 1990 ஜூலையில் பழைய தடத்திலேயே லாங் பீச்சுக்குப் புதிய ரயில் ஓடத் தொடங்கியது. அது வாட்ஸிலும் நிற்கிறது. சாலைகளைத் தரைமட்டத்திலேயே கடந்து செல்லும் அந்த ரயிலில் அடிபட்டுப் பலர் இறந்ததையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நாற்காலியும் அதில் அமர்ந்தவரும்

1987 ஜனவரியில் ஹானைப் பக்கவாதம் தாக்கியது. உடலின் ஒரு பக்கம் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 66. விலகிக்கொள்வார் என்று பலர் எதிர்பார்த்தனர். அவர் 1988-ல் மறுபடியும் போட்டியிட்டார். மக்களும் வெற்றிபெறச் செய்தனர். நன்றியுள்ள மக்கள். ஆனால் நன்றிக்காக வழங்கப்படும் வாக்கு, வேலைக்காக வழங்கப்படும் வாக்கு ஆகுமா? நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

நீண்டகாலப் பதவி இன்னொரு தீங்கையும் செய்தது. 1981-ல் தொகுதி எல்லைகளை மாற்றியமைத்தபோது, ஐவர் குழு தத்தம் இடங்களைக் காத்துக்கொள்ளும் விதத்தில் கோடு கிழித்தது. அதனால் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள் பல தொகுதிகளாகச் சிதறடிக்கப்பட்டு, தமக்கென ஒருவரைத் தேர்ந்தெடுக்க இயலாமல் போனார்கள் என்று 1990-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஐவரில் ஹானும் ஒருவர். எல்லைகள் திருத்தப்பட்டபின் 1991-ல் குளோரியா மொலினா தேர்வானார். அந்த நூற்றாண்டில் அக்குழுவில் அமர்ந்த அச்சமூகத்தின் முதல் உறுப்பினர் அவரே. 1992 டிசம்பரில் ஹான் ஓய்வு பெற்றபின் அவருடைய இடத்துக்கு வந்தவர் இவான் பர்க் என்ற பெண்மணி. அக்குழுவுக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர். கறுப்பின மக்கள் நிறைந்த தொகுதிக்கு அவர்களுள் ஒருவர் வர 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நல்லவர் ஒருவரே நாற்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தாலும், அடுத்தவருக்கு இடம் இல்லை என்பதுதானே அதன் பொருள்?

இப்போது, மேற்பார்வையாளர் என்ற அந்தச் சொல்லுக்குத் திரும்புவோம்.

மார்ட்டின் லூதர் கிங் மருத்துவமனையில் தவறான சிகிச்சை, அலட்சியம் பற்றிய புகார்கள் 1980-களின் இறுதியிலேயே செய்தித்தாள்களில் வந்தன. ஹான் அப்போது பதவியில்தான் இருந்தார். மருத்துவமனையைக் கட்டுவதற்காக அத்தனை சுவர்களை மோதித் தள்ளியவர், உள்ளே நடப்பதைக் கார் நிறுவனங்களைக் கேட்டதுபோல் கேட்கவில்லை. தேதி வாரியாகக் கேள்விகளை அடுக்கவில்லை. கறுப்பின மக்களின் பெருமையாக விளங்கிய இடம். குறை சொன்னால் அந்த மக்களையே குறை சொல்வதாகிவிடும் என்ற தயக்கம் அவருக்கும் இருந்தது, பின்னால் வந்தவர்களுக்கும் இருந்தது. தயக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். 2004-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் அங்கு நிகழ்ந்த மரணங்களையும் பிழைகளையும் தொடராக வெளியிட்டது. குறைகளை அறிந்திருந்தும் மேற்பார்வையாளர்கள் ஆண்டுக்கணக்கில் செயல்படத் தவறினர் என்று அத்தொடர் சுட்டியது. மறு ஆண்டு அதற்குப் புலிட்சர் விருது கிடைத்தது. 2007 மே மாதத்தில் அவசரச் சிகிச்சைப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு பெண்மணி வலியால் துடித்துச் சுமார் 45 நிமிடங்கள் தரையில் கிடந்தார். ஊழியர்கள் கடந்து சென்றனர். துப்புரவுப் பணியாளர் அவரைச் சுற்றித் தரையைத் துடைத்தார். அந்தப் பெண்மணி இறந்துபோனார். அதே ஆண்டு ஆகஸ்டில், மத்திய அரசின் ஆய்வில் தேறாத நிலையில், உள்நோயாளிகள் பிரிவும் அவசரச் சிகிச்சைப் பிரிவும் மூடப்பட்டன.

எட்டு ஆண்டுகள் அந்தப் பகுதி மக்கள் மறுபடியும் தொலைதூர மருத்துவமனைகளுக்கு அலைந்தார்கள். 2015-ல், கவுண்டியின் நேரடி நிர்வாகத்தில் அல்லாமல், லாபநோக்கற்ற தனி அமைப்பின்கீழ் 131 படுக்கைகளுடன் அதே வளாகத்தில் புதிய மருத்துவமனை திறக்கப்பட்டது. கிங்கின் பெயர் நீடிக்கிறது.

ஹான் இவற்றைக் காணவில்லை. 1997 அக்டோபர் 12-ல் தமது 77-ஆம் வயதில் காலமானார். தந்தைக்கு இருந்த நற்பெயரால் தென்பகுதி மக்கள் அவரது மகன் ஜேம்ஸ் ஹானுக்கு 2001-ல் திரளாக வாக்களித்து மேயராக்கினார்கள். மறு ஆண்டே கறுப்பினத்தவரான காவல்துறைத் தலைவர் பெர்னார்ட் பார்க்ஸுக்கு இரண்டாம் பதவிக்காலம் தர அவர் மறுத்ததும், அதே மக்கள் கைவிட்டனர். 2005-ல் அவர் தோற்றார். மகள் ஜானிஸ் ஹான் நகர மன்றத்திலும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் இருந்துவிட்டு, 2016-ல் தந்தை அமர்ந்த அதே மேற்பார்வையாளர் குழுவுக்கு, வேறொரு தொகுதியிலிருந்து தேர்வாகி வந்தார்.

ஐவர் குழுவை ஒன்பதாக விரிவாக்கவும், நிர்வாகத் தலைவர் ஒருவரை மக்களே தேர்ந்தெடுக்கவும் 2024 நவம்பரில் கவுண்டி மக்கள் வாக்களித்தனர். குட்டி அரசர்களின் காலம் சட்டப்படி முடிவுக்கு வருகிறது. கவுண்டியின் தலைமை அலுவலகக் கட்டடம் 1960-ல் திறக்கப்பட்டது. குழு கூடுவதும், மக்கள் வரிசையில் நின்று தம் முறையீடுகளைச் சொல்வதும் அங்கேதான். பின்னர் அதற்குக் கென்னத் ஹான் பெயர் சூட்டப்பட்டது. நிலநடுக்கத்தைத் தாங்கும் வலு அதற்குப் போதாது என்பதால், நகரில் உள்ள வேறொரு வானளாவிய கட்டடத்தை 20 கோடி டாலருக்கு வாங்க அதே 2024 நவம்பரில் குழு முடிவெடுத்தது. நால்வர் ஆதரித்தனர். எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர்: ஜானிஸ் ஹான்.